பெட்டியின் மேலிருந்த பெயர்

எமது கல்லூரி ஆசிரியர் ஓய்வறையிலே மதிய இடைவேளையில் எழும் வாதங்கள் பல. சம்பளத்தைப் பற்றிய வாதம் பெருமூச்சில் முடியும். அரசியலைப் பற்றிய வாதம் மனக்கசப்பில் முடியும். முடிவே காணாது ஆண்டுதோறும் தொடர்ந்து வரும் வாதம் ஒன்று உண்டு. காருக்கு எண்ணெய் மாற்றும்போது இடவேண்டிய ஒயில் பில்டர், கார் செய்த கொம்பனியின் பெயரோடு வரும் "ஒறிஜினல்" ஆக இருத்தல் வேண்டுமா, அன்றி வேறு கொம்பனிகள் செய்து விற்பதும் போதுமா என்பதே அவ்வாதம்.

நாம் நெடுங்காலம் ஒறிஜினற் கட்சியைச் சேர்ந்திருந்தோம். "பெற்ற தாயின் பாலிருக்கப் பிறர் பாலைத் தேடுவானேன்?" என்று உவமை கூறிச் சபையை அடக்கியதும் உண்டு. தமிழ் கற்பிப்பவனிடம் உவமைக்குப் பஞ்சமில்லை. உவமை வென்றுவிட்டாற் பொருளும் வென்றுவிட்டது என்று மயங்குவது எம்போன்றோர்க்கு இயல்பான குற்றம். அக்குற்றம் எம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தோம். கார் இல்லாத நேயர்களும் இதனைப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். இது காரைப் பற்றியது மாத்திரமன்று.

ஒயில் பில்டர் என்பது யாது? ஒரு பெரிய தேநீர்க் குவளையளவான தகரப் பேணி. எஞ்சினின் உள்ளே இரும்போடு இரும்பு உராயாதபடி எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கின்றது. ஓடும்போது நுண்ணிய உலோகத் தூளையும் கரியையும் மண்ணையும் அது வாரிக்கொண்டு வருகின்றது. அவற்றைத் தடுத்து, எண்ணெயை மாத்திரம் அப்பாற் செல்லவிடுவது பில்டரின் தொழில். மனிதரின் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல பில்டர் 20, 30 மைக்ரோன் அளவான துகளையே பெரும்பாலும் பிடித்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத பகையைக் கண்ணுக்குப் புலப்படாத வேலியாற் காக்கும் தொழில் இது. இத்தகைய வடிகட்டி கார்களுக்கு வந்தது 1923ஆம் ஆண்டளவிலே. அமெரிக்கராகிய ஏர்னெஸ்ற் சுவீற்லண்ட் என்பார் அதனை ஆக்கி, "பின்னரும் தூய எண்ணெய்" என்ற கருத்துப்படப் "பியூறோலேற்றர்" எனப் பெயரிட்டார்.

மாணவர்கள் இவ்விடத்தில் நன்னூலை நினைத்துக்கொள்ளலாம். பவணந்தி முனிவர் மாணாக்கரை முத்திறமாக வகுத்து, அன்னமும் பசுவும் போல்வாரைத் தலையென்றும், மண்ணும் கிளியும் போல்வாரை இடையென்றும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வாரைக் கடையென்றும் கூறினார். நெய்யரி என்பது பன்னாடை. நல்ல நெய்யைப் போகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. மாணாக்கனிடத்தில் இழிவான அக்குணம் எஞ்சினிடத்தில் உயிர்காக்கும் குணமாகிறது. இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். எவ்வளவு வார்த்தாலும் நில்லாது ஒழுகிவிடும். இவ்விரண்டு உவமைகளையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக.

நாம் சிறுவனாயிருந்த காலத்தில், ஒறிஜினலா மற்றதா என்ற வினாவே யாழ்ப்பாணத்தில் எழ வழியிருக்கவில்லை. எமது மாமனாரிடம் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் வண்டி ஒன்று இருந்தது. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் வாடகைக்கு ஓடிய வண்டி அது. 1990ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பிய பின், மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். முழுதும் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சினின் அடியில் இறங்கி, அங்குள்ள எண்ணெயை நீர்போல் ஆக்கிவிடும். ஆதலால் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டிய காலமும் அதுவே, மாற்ற எண்ணெய் கிடையாத காலமும் அதுவே.

அந்த வண்டியின் பில்டர் இக்காலத்தது போல முழுதாகக் கழற்றி எறிவதன்று. கிண்ணம்போன்ற இரும்புறை ஒன்று, நடுவே நீண்ட போல்ட் ஒன்று. உள்ளேயிருக்கும் வடிகட்டியை மாத்திரம் எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். புதியது இல்லையே! மாமனார் பழையதையே மண்ணெண்ணெயில் அலசி, வேப்பமர நிழலில் உலர்த்தி, மீண்டும் உள்ளே வைப்பார். எண்ணெயை மாமியாரின் பழஞ்சேலைத் துணியை நாலாக மடித்து அதில் வடிப்பார். நாம் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். "இது சரிவருமோ மாமா?" என்று ஒருநாட் கேட்டோம். "சரிவராது தம்பி. ஆனால் இப்ப இதுதான் இருக்கு. என்ன போட்டிருக்கிறன் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத் தக்கபடி ஓடுவன்," என்றார். விரைந்து ஓட்டமாட்டார், பாரம் ஏற்றமாட்டார், சில நாட்களுக்கு ஒருமுறை எண்ணெயை விரலில் தொட்டுப் பார்ப்பார். தம் கையிலுள்ளது குறையுடையது என்பதை அறிந்து அதற்கேற்ப நடந்தமையால், அவ்வண்டி தடைக்காலத்தைக் கடந்தும் ஓடியது. அவர் சொன்னதன் பொருள் எமக்கு விளங்க முப்பது ஆண்டுகள் சென்றன.

எமது கார் ஜப்பானிற் செய்யப்பட்ட சிறிய வண்டி. கடன் எடுத்து, பிறர் ஓட்டிய வண்டியாகவே வாங்கினோம். கல்லூரிக்குச் சென்றுவர ஒரு மோட்டார் சைக்கிள் போதும். காரின் தேவை எம் அன்னையாரை முன்னிட்டே. இருதய நோயாளியான அவரை மாதந்தோறும் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லவேண்டும். சிலவேளைகளில் நள்ளிரவிலும் கொண்டோட நேரும். ஆகவே அக்கார் எங்கள் வீட்டில் மருந்துப் பெட்டிக்கு அடுத்த பொருள் என்று சொல்லலாம்.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வர 2025ஆம் ஆண்டு ஆயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலும், இருக்கும் வண்டியைப் பேணுவதைவிட வேறு வழி எவர்க்கும் இல்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவரை சென்றது. எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். உதிரிப்பாகங்களின் விலை கேட்டபோது கடைக்காரர் தவறிச் சொல்கிறார் என்றே நினைத்தோம். எமது காருக்குரிய ஒறிஜினற் பில்டரும் அவ்வாறே கைக்கெட்டாத விலைக்கு ஏறிற்று.

எமது காரைப் பழுது பார்ப்பவர் எம்மிடம் பயின்ற பழைய மாணவர். சாதாரண தரத்தில் தமிழ்ப் பாடத்திற் சித்தியடையாது, ஒரு கராச்சிற் சேர்ந்து தொழில் பழகி, இன்று சொந்தமாகக் கராச் வைத்திருப்பவர். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எண்ணெய் மாற்றும் தவணை வந்தபோது அவர் எம்மிடம், "சேர், ஒறிஜினல் இப்ப நெருப்பு விலை. இந்தோனேசியாவிலை செய்த பில்டர் ஒண்டு இருக்கு. பாதி விலைதான். நான் கன பேருக்குப் போட்டுப் பாத்தனான், நல்ல சாமான்," என்றார். நாம் சிரித்துவிட்டு, "தம்பி, பேர் தெரியாத டுப்ளிக்கேட் சாமான் எங்களுக்கு வேண்டாம். ஒறிஜினலை நாங்களே தேடிக்கொண்டு வாறம்," என்றோம். அவர் மேலே பேசவில்லை.

இரண்டு நாட்களின் பின் ஒரு கடையிலே அது அகப்பட்டது. கார்க் கொம்பனியின் பெயரும் அடையாளமும் பளிச்சிடும் பெட்டி. விலையோ, ஏனைய இடங்களிற் கேட்டதின் அரைவாசிக்குச் சற்று மேல். "பழைய ஸ்டொக், அதனால்தான் இந்த விலை," என்றார் கடைக்காரர். சிட்டை கேட்க எமக்குத் தோன்றவில்லை. கெட்டிக்காரத்தனமாக வாங்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சியிற் பெட்டியைக் கராச்சிற் கொண்டுபோய் வைத்தோம். மாணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எமது முகத்தைப் பார்த்துவிட்டு, பூட்டித் தந்தார்.

ஒரு மாதம் செல்லுமுன், காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. தகரப் பேணியிற் கூழாங்கல்லை இட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். எண்ணெயின் அமுக்கத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு வழக்கமாகக் கண்மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடும். இப்பொழுது நாலைந்து விநாடி நின்று அணைந்தது. பின்னர் சத்தமும் நின்றுவிடும். நின்றுவிடுகிறதே என்று நாமும் வாளாவிருந்தோம்.

2023ஆம் ஆண்டு மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் அன்னையார்க்கு மூச்சு முட்டியது. அவரைத் தாங்கி வந்து பின் ஆசனத்தில் இருத்தித் திறப்பைத் திருப்பினோம். இருளிலே அச்சத்தம் என்றுமில்லாத உரத்தோடு எழுந்தது. சிவப்பு விளக்கு அணையவில்லை. ஒன்று, இரண்டு என்று மனத்துள் எண்ணினோம். ஏழாவதில் அணைந்தது. வீட்டிலிருந்து வைத்தியசாலைவரை அந்த விளக்கிருந்த இடத்தையும் கண்ணாடியில் அன்னையாரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தவண்ணம் ஓட்டினோம். நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டால் என் செய்வது என்ற ஒரே நினைவுதான். தெய்வச் செயலாக ஒன்றும் நேரவில்லை. அன்னையார் நான்கு நாட்களிற் சுகமடைந்து வீடு திரும்பினார்.

ஆனால் எமது அச்சம் கோபமாக மாறியிருந்தது. அன்று முற்பகலே கராச்சுக்குச் சென்றோம். அங்கே வேறு வண்டிக்காரர் மூவர் நின்றனர், தொழில் பழகும் பையன்கள் இருவர் நின்றனர். அவர்கள் எல்லோரும் கேட்க, "ஒறிஜினல் சாமான் வாங்கித் தந்தும் ஒழுங்காய்ப் பூட்டத் தெரியேல்லை. பள்ளிக்கூடத்திலையும் இல்லிக்குடம், இஞ்சையும் இல்லிக்குடம்!" என்றோம்.

அச்சொல் புதிதன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நன்னூல் மாணாக்கர் இலக்கணத்தை வகுப்பிற் கற்பித்தபோது, உதாரணம் காட்டுவதற்காகப் பின்வாங்கிலிருந்த அவரைச் சுட்டி, "இதோ எங்கள் இல்லிக்குடம்" என்றோம். வகுப்புச் சிரித்தது. ஆண்டு முடியும்வரை அதுவே அவருக்குப் பெயராயிற்று. நாம் அதை அன்றே மறந்துவிட்டோம். கோபம் வந்தபோது நாக்குத் தானாகவே அதனைத் தேடி எடுத்தது.

அவர் கைகளைத் துணியில் துடைத்தார். "சேர், கோவிக்காதேங்கோ. ஒருக்கா இருங்கோ. பில்டரைக் கழட்டி வெட்டிப் பாப்பம்," என்றார். காரின் கீழே புகுந்து பில்டரைக் கழற்றினார். எமது கார் எஞ்சினில் அது பக்கவாட்டிற் கிடையாகப் பூட்டப்பட்டிருப்பது. முன்னாளிரவு முழுதும் நின்ற வண்டியில் அது எண்ணெயால் நிறைந்திருத்தல் வேண்டுமாம். அதிகாலை ஓட்டத்தின் பின்னும் சில மணி நேரம் வண்டி நின்றிருந்தது. கவிழ்த்தபோது அடியிற் சிறிதே வந்தது. பின்னர் இரும்பறுக்கும் வாளால் அதன் தலையை வட்டமாக அறுத்தார். பழைய பில்டர்கள் குவிந்திருந்த பெட்டியிலிருந்து வேறிரண்டை எடுத்து அவற்றையும் அறுத்தார். ஒன்று முகவரிடம் வாங்கிய உண்மையான ஒறிஜினல், மற்றது அவர் முன்னர் சொன்ன இந்தோனேசியப் பில்டர். மூன்றையும் பழைய பத்திரிகைத்தாளின் மேல் வரிசையாக வைத்தார்.

கற்பித்தல் எமது தொழில். அன்று கற்றவர் நாம். அவர் சொன்னதை இங்கே எமது நடையில் தருகிறோம்.

பில்டரின் உள்ளே நாலு பொருள்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, விசிறிபோல் மடிக்கப்பட்ட வடிதாள். மடிப்புகள் கூடினால் அழுக்கைத் தாங்கும் பரப்பும் கூடும். எண்ணிப் பார்த்தோம். ஒறிஜினலிலும் இந்தோனேசியப் பில்டரிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட மடிப்புகள் சீராக இருந்தன. நாம் வாங்கியதில் முப்பத்தொன்று, அவையும் ஒருபக்கம் நெருங்கி ஒருபக்கம் விலகிக் கிடந்தன. இரண்டாவது, தாளின் இரு முனைகளும் சேரும் பொருத்து. எம்முடையதிற் பசை விட்டுப்போய்ச் சுண்டுவிரல் நுழையும் வெளி தெரிந்தது. எண்ணெய்க்கு அப்படியோர் எளிய வழி கிடைத்தால், அது வடிதாளூடே ஏன் செல்லப்போகிறது? அழுக்கோடு அவ்வழியே சென்றுவிடும்.

மூன்றாவது, மாற்றுவழி வால்வு. வடிதாள் அடைபட்டாலோ, குளிரில் எண்ணெய் தடித்தாலோ, சுருள்வில்லை அமுக்கிக்கொண்டு எண்ணெய் நேரே செல்ல வழிவிடுவது அது. எண்ணெயே இல்லாதிருப்பதிலும் அழுக்கெண்ணெய் மேல் என்பது அதன் தத்துவம். அந்த வில் அளவறிந்து திறத்தல் வேண்டும். எளிதில் திறந்தால் வடிகட்டல் நடவாது, திறவாதுவிட்டால் எஞ்சின் வரளும். எம்முடையதிலிருந்த வில்லை அவர் சிறுவிரலால் அமுக்கினார், அது எதிர்ப்பின்றி அமுங்கியது.

நான்காவதுதான் அச்சத்தத்தின் காரணம். எண்ணெய் உட்செல்லும் துளைகளை உள்ளிருந்து மூடும் இறப்பர் வளையம் அது. எஞ்சின் நின்றபின் பில்டரிலுள்ள எண்ணெய் பின்னோக்கி வடிந்துபோகாது தடுப்பது அதன் தொழில். மற்ற இரண்டிலும் அது காதுமடல்போல மென்மையாய் வளைந்தது. எம்முடையதில் உலர்ந்த தோல்போல் விறைத்து, விளிம்பு நெளிந்திருந்தது. இரவெல்லாம் எண்ணெய் கசிந்து இறங்கிவிட, காலையில் வெறும் பேணி நிரம்பும்வரை எஞ்சினின் உச்சிக்கு எண்ணெய் ஏறவில்லை. அந்த ஐந்தாறு விநாடியும் இரும்போடு இரும்பு மோதியது.

"இது ஒறிஜினல் இல்லை சேர். ஒறிஜினலின்ரை பெட்டியிலை வந்த கள்ளச் சாமான். பெட்டியிலை பேர் அடிக்கிறது லேசு," என்றார் அவர். பின்பு, வறண்ட அந்தப் பேணியைக் கையில் எடுத்து, சற்றே தயங்கி, "இதுதான் சேர் இல்லிக்குடம்," என்றார். குரலிற் கேலி இல்லை. "நீங்கள் அண்டைக்குச் சொன்னதை நான் மறக்கேல்லை."

வகுப்பிற் கேட்டது எதுவும் நில்லாதவன் என்று நாம் தீர்ப்பளித்த ஒருவர், எமது ஒரு சொல்லை இருபது ஆண்டுகள் ஒழுகவிடாது வைத்திருந்திருக்கிறார். எமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அங்கு நின்றவர்கள் வேறுபுறம் நோக்கினர். அவர் அந்த இந்தோனேசியப் பில்டரிற் புதியதொன்றை எடுத்துப் பூட்டி, எண்ணெயையும் மாற்றினார். எஞ்சினுக்குப் பெரிய சேதமில்லை என்றும், காலத்தோடு கண்டது நல்லதென்றும் சொன்னார். மறுநாட் காலையில் திறப்பைத் திருப்பியபோது விளக்கு உடனே அணைந்தது, சத்தம் இல்லை.

இப்பொழுது முதல் வினாவுக்கு வருவோம். அன்று எமக்கு விளங்கியது இது: நம்மூரில் "டுப்ளிக்கேட்" என்ற ஒரே சொல்லால் இருவேறு பொருள்களைக் குறிக்கிறோம். தன் சொந்தப் பெயரைத் தைரியமாகப் பெட்டியில் அச்சிட்டு, தன் பொருளுக்குத் தானே பொறுப்பேற்று விற்கும் கொம்பனி ஒன்று. பிறர் பெயரைத் திருடி ஒளிந்து நிற்பது மற்றொன்று. முன்னது போட்டியாளர், பின்னது திருடர். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததனால், நேர்மையான பொருளைத் தள்ளிவிட்டுத் திருட்டுப் பொருளை மாலையிட்டு வரவேற்றோம்.

இன்னொன்றும் அறியத்தக்கது. கார் செய்யும் கொம்பனிகள் பெரும்பாலும் பில்டரைத் தாமே செய்வதில்லை. ரொயோற்றாவின் பெயரோடு வரும் பில்டர்களை டென்சோ போன்ற கொம்பனிகள் செய்து கொடுக்கின்றன. ஜேர்மனியின் மான், மாலே ஆகியவை கார்க் கொம்பனிகளுக்குச் செய்துகொடுப்பதோடு, தம் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. ஆகவே யாம் சொன்ன தாய்ப்பால் உவமை அடியோடு பிழைத்தது. தாய் என்று எண்ணப்பட்டவளே அயல்வீட்டில் வாங்கித்தான் ஊட்டுகிறாள்! அமெரிக்காவிலே 1975ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சட்டமொன்று, பிறர் செய்த பாகத்தைப் பாவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்கக் கூடாதென்று கார்க் கொம்பனிகளுக்கு விதித்துள்ளது. நல்ல பில்டர்களைச் சோதிப்பதற்கும் ஐ.எஸ்.ஓ. 4548 என்ற சர்வதேச நியமம் உண்டு. அச்சோதனையிற் பெற்ற திறனைச் சில கொம்பனிகள் வெளிப்படையாகவே தெரிவிக்கின்றன.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. உத்தரவாதக் காலத்திலுள்ள புதிய வண்டியானால், முகவரிடமே ஒறிஜினலைச் சிட்டையோடு வாங்குங்கள். அதனால் வீண் வழக்கு இல்லை. பழைய வண்டியானால், தன் பெயரில் விற்கும் நல்ல கொம்பனியின் பில்டரை அச்சமின்றி இடலாம். ஆனால் அது உங்கள் எஞ்சினுக்கு உரியதுதானா என்று பாக இலக்கத்தைக் கொம்பனியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். புரி பொருந்துகிறது என்பதனால் எல்லாம் பொருந்திவிடாது, உள்ளிருக்கும் வால்வு வேறாயிருக்கலாம். உண்மை விலையின் அரைவாசிக்கு ஒறிஜினல் கிடைத்தால், மகிழுமுன் ஐயுறுங்கள். பூட்டும்போது பழைய பில்டரின் இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் நின்றால் எண்ணெய் முழுதும் வழியிலேயே கொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவணை தவறாதீர்கள். சாதாரண எண்ணெய்க்கு 5,000 கிலோமீற்றர் என்று நம்மூரில் வழங்குவது நல்ல கணக்கு. குறுந்தூரமே ஓடும் வண்டிக்குத் தூரத்தைப் பாராது ஆறு மாதத்தைப் பார்ப்பது நன்று. விலையுயர்ந்த பில்டரை இரண்டு தவணைக்கு வைத்திருப்பவரைவிட, நடுத்தரமானதைக் காலத்துக்குக் காலம் மாற்றுபவரின் எஞ்சினே நெடுநாள் உழைக்கும்.

மாமனார் அன்று சொன்னதும் இதுதான். என்ன போட்டிருக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். அலசிய வடிகட்டியை அலசியது என்றறிந்து ஓட்டிய அவர் வண்டி தப்பியது. எமக்கு அறிவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெயர் இருந்தது.

பில்டரைப் பற்றிய கணக்கு இவ்வாறு நேராயிற்று. மற்றக் கணக்கு நேராகவில்லை. நன்னூலின் அந்தப் பகுதியை இன்றும் கற்பிக்கிறோம். அறுத்த பில்டரை மேசைமேல் வைத்து, நெய்யரி எது, இல்லிக்குடம் எது என்று காட்டுகிறோம். மாணவர்கள் ஆர்வத்தோடு பார்க்கிறார்கள். எந்தப் பிள்ளையையும் இப்போது சுட்டுவதில்லை. பெயரைப் பிடித்துக்கொண்டு பொருளைப் போகவிட்ட நெய்யரி யாரென்று அவர்களுக்குச் சொல்வதுண்டு. அவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

அன்று கராச்சில் ஐந்து பேர் முன்னிலையிற் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க எமக்கு நா எழவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அதன்பின் பலமுறை சென்றும், எண்ணெயைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசினோமேயன்றி அதைப்பற்றிப் பேசவில்லை. அக்கராச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வாங்குவார்கள் என்பதை அறிவோம். வாரமலரை அவர் தேநீரோடு படிப்பதைக் கண்டும் இருக்கிறோம். இதைப் படிப்பாராயின், பலர் அறியச் சொன்ன பழிக்குப் பலர் அறியவே வருத்தம் தெரிவிக்கிறோம் என்று கொள்வாராக. அடுத்த தவணைக்கு இன்னும் 600 கிலோமீற்றர் இருக்கின்றது. அதுவரை காத்திராமல் இந்த வாரமே சென்று, அவர் முகத்தைப் பார்த்து நேரிலும் சொல்வோம்.